அக்காவை ஒளித்துவைத்த மூங்கில் புதர்

பிளேக் வருஷத்தைச் சிறுபிள்ளைகளாக இருந்து பார்த்தவர்கள் நம்மில் இனி அதிகம் பேர் மிஞ்சியிருக்க மாட்டோம். மிஞ்சியிருப்பவர்களும் அதைப் பேசுவதில்லை. கல்யாண வீடுகளில் சந்தித்தால் முட்டிவலியைப் பேசுகிறோம், ரேஷன் அரிசியில் கிடக்கும் கல்லைப் பேசுகிறோம். அந்த வருஷத்தின் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் வெற்றிலைப் பெட்டியை இழுத்துத் திறப்பார், பேச்சு மாறிவிடும். நான் இப்போது எழுதுவது என் அக்காவைப் பற்றி. உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

எங்கள் நைனா தண்டுப் பக்கம், பட்டாளம் தங்கியிருந்த பகுதியில், பிளாக்பள்ளிக்கு அருகே மூங்கில் மண்டி வைத்திருந்தார். முன்னால் மண்டி, அதற்குப் பின்னால் வீடு, வீட்டுக்கும் பின்னால் எல்லையோரம் ஒரு பெரிய முள்மூங்கில் புதர். மலைப்பக்கத்திலிருந்து மாட்டுவண்டிகளில் மூங்கில் வரும். துளையே இல்லாத கெட்டி மூங்கில் பட்டாளத்துக்குப் போகும், குதிரைக்காரர்களின் ஈட்டிக்கும் கூடாரக் கழிக்கும். கணு நீளமானது ஏணிக்கு. வளைந்து வந்ததை எண்ணெய் தடவி நெருப்பில் வாட்டி நிமிர்த்துவார்கள். பச்சை மூங்கில் வேகிற வாசனையும், எங்கேயோ ஒரு கணு பட்டென்று வெடிக்கிற சத்தமும்தான் எங்களுக்கு விடிகாலை.

எவ்வளவு வாட்டியும் நிமிராத கழிகளை நைனா அடுப்புக்கு எறிவார். அக்கா அவற்றை ஓடிப்போய்ப் பொறுக்குவாள். அவளுக்குப் பதினோரு வயது, எனக்கு ஏழு. பட்டாளத்து மெஸ்ஸிலிருந்து வந்த பிராந்திப் பெட்டி ஒன்றை அவள் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் கோணல் மூங்கில்கள். குடம் போல வயிறு பெருத்த ஒரு கணு. இரண்டு கழிகள் ஒட்டி ஒன்றாகப் போன ஒரு துண்டு. குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் போடும் இன்னொன்று. நாட்டு வைத்தியர்கள் வாங்கும் மூங்கிலுப்பு அதற்குள் இருந்தது. அக்கா அதை உடைக்கவே விடவில்லை.

"இது ஏன் நைனா இப்பிடி ஆச்சு?" என்று ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்பாள்.

"முரண்டு புடிச்சிருக்கு. அவ்ளோதான். உன்ன மாதிரி."

அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் முதலில் செத்தது எலிகள்தான். பேட்டைப் பக்கம், பழைய ஊரில், ஜனங்கள் மடிகிறார்கள் என்று செய்தி வந்தது. பிறகு தண்டிலேயே தெருவுக்குத் தெரு சாவு. பள்ளிக்கூடம் மூடினார்கள். மண்டியில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். அம்மா எங்களை வாசலைத் தாண்ட விடவில்லை. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள், மண்டிக் கதவுக்குப் பூட்டு. ஜன்னல்களில் கோணியை நனைத்துத் தொங்கவிட்டாள் அம்மா. காற்று விஷமாகிவிட்டது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு. வேப்பிலைப் புகையில் கண் எரியும். நானும் அக்காவும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவள் கோணல் மூங்கில்களுக்குப் பெயர் வைத்து, சண்டை மூட்டி, சமாதானம் செய்துவைப்பாள். ஒரு கட்டத்தில் அதுவும் அலுத்துப்போயிற்று.

நைனாவுக்கு மட்டும் அப்போது வியாபாரம் இருந்தது. ஊருக்கு வெளியே மைதானத்தில், பிற்பாடு பிரேசர் டவுன் எழும்பியதே அந்தப் பக்கம், பிளேக் கேம்ப் போட்டார்கள். கொட்டகைகளுக்குக் கழியும் சுற்றிலும் வேலிக்கு முள்ளும் வேண்டும் என்று சர்க்காரிலிருந்து வந்து கேட்டார்கள். நைனா கொடுத்தார். வேலியைத் தானே போய் நின்று கட்டியும் கொடுத்தார்.

ஒருநாள் மத்தியானம் அம்மா அசந்து தூங்கியபோது அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பின்கட்டு வழியே புதருக்குப் போனாள். அதற்குள் ஒரு அதிசயக் கழி நிற்பதை மாடியில்லாத எங்கள் வீட்டின் கூரைமேல் ஏறிப் பார்த்து வைத்திருந்தாள் அவள். கணுக்கள் நேராக இல்லாமல் சாய்ந்து சாய்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நடுவே புடைத்து, ஆமை முதுகு போல இருந்ததாம்.

முள்மூங்கில் புதருக்குள் போயிருக்கிறீர்களா? மேலே பார்த்தால் இறகு போல அசையும், அழகாக இருக்கும். கீழ்க்கிளைகளில் இலையே கிடையாது, முள்தான். கணுவுக்கு மூன்று முள், நடு முள் நீளம், பக்கத்தில் இரண்டு குட்டை, எல்லாம் பூனை நகம் போல வளைந்தவை. உள்ளே நுழையும்போது அவ்வளவாகத் தெரியாது. திரும்பும்போதுதான் பிடிக்கும்.

அக்கா குனிந்து, பிறகு படுத்து, ஊர்ந்து உள்ளே போனாள். கத்தியால் கழியை அறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை.

"மாட்டிகினேன்டி" என்றாள், மிகவும் மெதுவாக.

அவளுடைய பாவாடையை ஒரு கிளை பிடித்திருந்தது. அதை விடுவிக்கத் திரும்பியபோது சடையை இன்னொன்று பிடித்தது. கையை உயர்த்தினால் கையை. நான் படுத்து ஊர்ந்து போய் ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை, ஆனால் மூச்சு வேகவேகமாக வந்தது. அவளுடைய முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அவள் ஒரே உதறாக உதறிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். அப்போதுதான் குதிகாலில் ஒரு முள் ஏறி முறிந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தோம். வரவில்லை. ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றாள். ஆமை முதுகு மூங்கில் பெட்டிக்குள் போயிற்று.

சில நாள் கழித்து அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. தொடை இடுக்கில் நெறி கட்டி, எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டு நின்றது. காலில் காயம் பட்டால் தொடையில் நெறி கட்டும் என்று நம் வீடுகளில் யாருக்குத் தெரியாது? ஆனால் அந்த வருஷம் காய்ச்சலும் தொடையில் கட்டியும் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்று காலையில்தான் மண்டியில் ஒரு எலி செத்துக் கிடந்தது.

நான் சொல்லிவிட்டேன். அக்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும் சொன்னேன். "அம்மா, அக்கா கால்ல முள்ளு குத்திச்சு."

அம்மா குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். துளை மூடிக்கொண்டிருந்தது. அமுக்கினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமே இல்லியே" என்றாள் அம்மா.

"முள்ளு குத்தாத நாளு எது இந்த ஊட்ல?" என்றார் நைனா. "முள்ளு குத்தினா இப்பிடியா கொதிக்கும்?"

நான் மறுபடி சொன்னேன். நைனா என்னை அடித்தார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கேம்ப் தெரியும். நோயாளிக் கொட்டகையிலிருந்து எந்தப் பக்கம் வண்டி போகிறது என்பதும் வேலி கட்டியவருக்குத் தெரியும். இன்று யோசித்தால் அந்த அடி எனக்கானது இல்லை என்று புரிகிறது.

வீடு வீடாகச் சோதனை வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்கார டாக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், பெண்களைத் தொட்டுப் பார்க்கத் தண்டு மாதாகோயில் பக்கத்துத் தமிழ் நர்ஸம்மா ஒருத்தி. அவர்கள் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் நைனா வெட்டுக்கத்தியை எடுத்தார். பழைய முள்மூங்கில் புதரின் நடுவில் கிழட்டுக் கழிகள் செத்து ஒரு பொந்து விழுந்திருக்கும். அதுவரைக்கும் ஒரு வழி வெட்டினார். கோணி விரித்து, அக்காவைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே படுக்கவைத்தார். வெட்டிய முள்ளையே கட்டாகக் கட்டி அந்த வழியின் வாயை அடைத்தார்.

"சத்தம் போடாத கண்ணு. அவங்க போனதும் நைனா வந்து எடுத்துக்கிறேன்."

அக்கா, "இங்க வேணாம் நைனா, வேற எங்கனா" என்றாள். நைனா கேட்கவில்லை. அம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

சோதனைக்காரர்கள் உடனே வரவில்லை. வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாய்ந்தது. நைனா போய் அவளை எடுக்கவும் பயந்தார், விடவும் பயந்தார். காற்றடிக்கும்போது புதர் கிறீச் கிறீச்சென்று உரசியது. அதற்குள் அக்கா இருக்கிறாள் என்று நினைத்தபோதெல்லாம் எனக்கே மூச்சு முட்டியது.

அவர்கள் ஒருவழியாக வந்தார்கள். மண்டியைப் பார்த்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள். நர்ஸம்மா அம்மாவின் கை இடுக்கைத் தொட்டுப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"எத்தன பிள்ளைங்க?"

"இவ ஒருத்திதான்" என்றார் நைனா.

அவர்கள் கிளம்பினார்கள். டாக்டர் வாசற்படியில் கால் வைத்துவிட்டார். அப்போது கொல்லையிலிருந்து குரல் கேட்டது.

"நான் இங்க இருக்கேன்! இங்க இருக்கேன்!"

முள்கட்டைத் தள்ளிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். ஊர்ந்து வந்தாள். முகத்திலும் கையிலும் கோடு கோடாக ரத்தம். ரவிக்கை தோளில் கிழிந்து தொங்கியது. நைனா ஓடிப்போய் அவளைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டார், எல்லோரும் பார்த்த பிறகு. அவள் அவருடைய கையை விலக்கிவிட்டு நர்ஸம்மாவிடம் நடந்து போனாள். நொண்டிக்கொண்டே போனாள்.

"காய்ச்சல்ல பெனாத்துறா" என்றார் நைனா. பிற்பாடும் வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. அக்காவை ஒரு வண்டியில் தனியாக, எங்களை வேறு வண்டியில். நான் நர்ஸம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, முள் குத்தியது, முள் குத்தியது என்றேன். "ஆமாம்மா, ஒடம்பெல்லாம் முள்ளு, பாத்தேன்" என்று தலையைத் தடவினாள். அவள் நல்லவள்தான்.

வீட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அம்மாவின் கல்யாணச் சேலை, நாங்கள் இரண்டு பேரும் படுத்து வளர்ந்த தொட்டில், நைனாவின் சரிகைத் தலைப்பாகை, பாய்கள், என் துணிப் பொம்மை. பிராந்திப் பெட்டியும் போயிற்று. வண்டி திரும்பும்போது அதற்குள்ளிருந்து கணுக்கள் ஒவ்வொன்றாக வெடித்த சத்தம் கேட்டது. போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியோ என்று துள்ளினார்.

கேம்பில் எங்களை நோயாளி வீட்டார் இருக்கும் கொட்டகையில் போட்டார்கள். நோயாளிக் கொட்டகை எதிர்ப்பக்கம். நடுவில் முள்மூங்கில் வேலி, ஆள் உயரத்துக்கு மேல். எனக்கு அது யார் கட்டிய வேலி என்று பார்த்தவுடனே தெரிந்தது. பிளந்த மூங்கில் பத்தையை முறுக்கி இரட்டையாகப் போடும் முடிச்சு எங்கள் மண்டியில் மட்டும்தான் போடுவார்கள்.

அம்மா வேலியோரமே கிடந்தாள். கையை உள்ளே விட்டு விலக்கப் பார்ப்பாள், கிழித்துக்கொள்வாள். காவல்காரர், "ஹத்திர பரபேடி அம்மா, கிட்ட வரக் கூடாது" என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சுவார். ஒரு சாயங்காலம் அம்மா நைனாவைப் பார்த்துக் கேட்டாள்.

"முள்ளுல பொழப்பு நடத்துற ஆளுதானே நீ? ஒரு சந்து பண்ணித் தரக் கூடாதா? அவ மூஞ்சிய மட்டும் பாத்துட்டு வந்துடுறேன்."

நைனா வேலியை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல பூந்து போவ முடியாது. நெருக்கமா கட்டச் சொன்னதே நான்தான்."

அதன் பிறகு அவர் வேலிப்பக்கம் வரவில்லை. கொட்டகையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா மட்டும் கத்திக் கத்தி அக்காவைக் கூப்பிடுவாள். சில நாள் பதில் வரும். "இருக்கேம்மா." சில நாள் வராது. வராத அன்று அம்மா சோற்றைத் தொட மாட்டாள்.

உள்ளே நடந்ததை அக்கா எனக்குப் பிற்பாடு துண்டு துண்டாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு துலுக்கப் பெண் அவளைத் தன் மகள் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தாளாம். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் விழித்தபோது அந்தப் பிடி தளர்ந்திருந்தது. அந்தக் கட்டிலுக்கு அதன் பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூரை ஓலையைப் பார்த்துக்கொண்டு, அதன் குறுக்கே போகும் நைனாவின் கழிகளில் கணுக்களை எண்ணிக்கொண்டு படுத்திருந்ததாகச் சொன்னாள். எங்கே பார்த்தாலும் எங்கள் மண்டி.

குதிகால் வீங்கிப் பழுத்தது. ஒருநாள் அதுவாகவே உடைந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சீழைப் பிதுக்கிப் பிதுக்கி, அரை விரல் நீள முள்ளை வெளியே எடுத்தாள். டாக்டர் வந்தபோது உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவருக்குத் தெரிந்தது இங்கிலீஷும் சிப்பாய்களின் இந்துஸ்தானியும்தான்.

"காண்ட்டா?" என்றாராம், முள்ளைக் காட்டி.

"காண்ட்டா" என்றாள் அக்கா. காலைக் காட்டினாள். பிறகு தொடையைக் காட்டினாள்.

அவர் முள்ளை வாங்கிப் பார்த்தாராம். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டாராம். காய்ச்சல் இறங்கியது, நெறி வற்றியது. ஆனால் நோயாளிக் கொட்டகையில் இருந்தவளை உடனே வெளியே விடச் சட்டம் இல்லை. பிளேக் இல்லாத என் அக்கா, பிளேக்காரர்கள் நடுவில் கெடு முடிகிறவரை இருந்தாள்.

அவள் எங்கள் கொட்டகைக்கு வந்த அன்று தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அம்மா அவளைத் தடவித் தடவிப் பார்த்தாள். நைனா மூலையிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. கோபமாகவும் தெரியவில்லை. அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"ஏன்க்கா வெளிய வந்தே? அவங்க போயிருப்பாங்களே" என்று நான் பிறகு கேட்டேன்.

"அவங்க போய்ட்டா நைனா மறுபடியும் நாளைக்கும் அங்கதான்டி வெச்சிருப்பாரு. அங்க நான் தனியா செத்துப்போயிருப்பேன். சாவறதா இருந்தா ஆளுங்க இருக்கிற எடத்துல சாவலாம்னு வந்தேன்."

பதினோரு வயதுப் பெண் சொன்னது.

எங்களை வீட்டுக்கு விட்டபோது தெருவே மாறியிருந்தது. எதிர்வீட்டுத் தையற்காரர் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. பக்கத்து மண்டியில் ஒரு கிழவர் மட்டும் இருந்தார். நாங்கள் மைதானத்தில் அடைந்து கிடந்த காலத்தில் எலிகள் தெருவைச் சுற்றி வந்துவிட்டன. இங்கேயே இருந்திருந்தால் நாங்களும் தப்பியிருக்க மாட்டோம் என்று நைனா கணக்குப் பார்த்துக்கொண்டார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "அந்த முள்ளுதான் எங்களக் காப்பாத்துச்சு" என்றார்.

அம்மா ஒருநாள் தாங்காமல் சொன்னாள். "முள்ளு ஒண்ணும் காப்பாத்தல. எம்பொண்ணு எழுந்து வந்தா. அதான்."

நைனா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புதரை ஆள் வைத்து வேரோடு வெட்டினார். வெட்டும்போது அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டாள்.

உள்ளே என்றேன், ஆனால் நாங்கள் கேம்பிலிருந்து திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வெயிலும் காற்றும் பட்டு நோய் போகட்டும் என்று சோதனைக்காரர்கள் ஓடுகளையெல்லாம் பிரித்து முற்றத்தில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த நாலு சுவர், மேலே வானம். நைனா மறுநாளே ஓடு போட ஆள் கூட்டி வந்தார். முன்கூடம் முடிந்தது. நாங்கள் படுக்கும் அறைக்கு வந்தபோது அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு, வேண்டாம் என்றாள். மூடினால் மூச்சு வராது என்றாள். நிலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. முன்பு என்றால் நைனா ஒரு அதட்டு அதட்டியிருப்பார். அன்று ஓட்டுக்காரரைப் பார்த்து, "இங்க அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

பனியில் நனைந்துகொண்டு படுத்தோம். எனக்குச் சளி பிடித்தது. நைனா ஓட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிடவில்லை. பங்குனி போய், சித்திரையில் ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நைனா தாமே ஏணியைச் சாத்தி ஏறினார். அம்மா கீழேயிருந்து ஓடு எடுத்துக் கொடுத்தாள். அக்கா அறை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாக வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வரிசைக்கு வந்ததும் நைனா கையில் ஓட்டோடு குனிந்து அவளைப் பார்த்தார்.

"போட்டுடட்டுமா, கண்ணு?"

நைனா எங்களிடம் எதையாவது கேட்டுச் செய்தது அதுதான் முதல் தடவை.

மழை முதல் சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.

"ஒரே ஒரு ஓடு மட்டும் வுட்டுடு நைனா."

நைனா சரி என்று தலையாட்டினார். அந்த ஓட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கினார். அக்கா கல்யாணமாகிப் போகிறவரை அந்த இடம் திறந்தே கிடந்தது. மழை வந்தால் அம்மா ஒரு பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து அதற்கு நேர் கீழே வைத்துவிட்டுப் போவாள்.